தோப்பின் மேல் வரும் டிரோன் யாருடையது என்று அதன் சிக்னலை வைத்துச் சொல்ல முடியுமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டித் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் கேள்வி இது: கொஞ்ச நாளாக இருட்டும் நேரத்தில் தோப்புக்கு மேலே ஒரு டிரோன் வந்து சுற்றிவிட்டுப் போகிறது. டிரோன்கள் தங்கள் அடையாளத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டேதான் பறக்கும், ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருந்தால் அதைப் படித்துவிடலாம் என்று மகன் சொல்லியிருக்கிறான். ஃபோனில் ஒரு ஆப் போட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. அப்படியானால் இது பதிவு செய்யாத கள்ள டிரோனா?

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சிக்னலைப் பிடிக்க முடியுமா, பிடித்தால் ஆள் யாரென்று தெரியுமா, ஒன்றும் கேட்கவில்லை என்றால் அந்த டிரோன் சட்டவிரோதமா. முதல் கேள்விக்குப் பதில்: டிரோன் எந்த வகை என்பதைப் பொறுத்து, முடியும். இரண்டாவதற்கு: இயந்திரத்தின் எண்ணும், அது கிளம்பிய இடமும் தெரிய வரலாம், ஆளின் பெயர் வராது. மூன்றாவதற்கு: இல்லை. நீங்கள் கவலைப்படுவது மூன்றாவதைப் பற்றித்தான் என்று தோன்றுவதால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கோயம்புத்தூரில் வயர்லெஸ் கருவிகளைச் சோதிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். ரேடியோ பக்கத்தை உறுதியாகச் சொல்வேன். சட்டத்தைப் பொறுத்தவரை விதிகளைப் படித்தவன் என்ற அளவில்தான் என் பேச்சு, வக்கீல் இல்லை.

உங்கள் மகன் சொன்னது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பொருந்தும். அங்கே ‘ரிமோட் ஐடி’ என்ற ஏற்பாடு சட்டமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் 2024 மார்ச் 16 முதல் அதை மீறுவோர் மேல் நடவடிக்கை எடுக்கிறார்கள். ஐரோப்பாவில் 2024 ஜனவரி 1 முதல் பெரும்பாலான வகைகளுக்குக் கட்டாயம். டிரோன் பறக்கும்போது தன் எண், இருக்கும் இடம், உயரம், வேகம், இயக்குபவர் இருக்கும் இடம் எல்லாவற்றையும் சுற்றிலும் யார் வேண்டுமானாலும் கேட்கும்படி ஒலிபரப்ப வேண்டும். நம் ஊரில் 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள் வேறு பாதையில் போயின. டிரோனை அரசின் இணையப் பதிவுத் தளத்தில் பதிந்து தனி அடையாள எண் வாங்க வேண்டும் என்பது 250 கிராமுக்கு உட்பட்ட நேனோ வகைக்கும் உண்டு. ஆனால் இடத்தையும் எண்ணையும் நேரடியாக அறிவிக்கும் பீக்கன் கருவியை 12-ஆம் விதி அப்போதே கட்டாயமாக்கவில்லை. அரசு பின்னால் அறிவிக்கலாம், அறிவித்தால் உரிமையாளர்களுக்குக் குறைந்தது ஆறு மாதம் அவகாசம் தர வேண்டும் என்று மட்டும் வைத்தது. ஆகவே முறையாகப் பதிவு செய்து, லைசென்ஸும் வைத்து, மருந்து அடிக்க வந்த டிரோன்கூட ரேடியோவில் வாயைத் திறக்காமல் பறக்கலாம். உங்கள் ஃபோன் எதுவும் காட்டவில்லை என்பதிலிருந்து அதன் பதிவு பற்றி ஒரு முடிவுக்கும் வர முடியாது.

அப்புறம் ஃபோன் விஷயம். டிரோன் உண்மையிலேயே அறிவித்துக்கொண்டு பறந்தாலும் உங்கள் ஃபோன் அதைத் தவறவிட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ரிமோட் ஐடி நான்கு வழிகளில் வரலாம்: பழைய ப்ளூடூத் 4 விளம்பரப் பாக்கெட் (கருவி தன் இருப்பை அறிவிக்கும் சின்னத் தகவல் துண்டு), ப்ளூடூத் 5-இன் தொலைதூர முறை, வைஃபை பீக்கன் (ரௌட்டர் தன் பெயரை அறிவிப்பது போன்ற பாக்கெட்), வைஃபை நேன் (பக்கத்துக் கருவிகள் ரௌட்டர் இல்லாமல் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் முறை). இந்த நான்கில் எதில் அனுப்புவது என்பதைத் தயாரிப்பாளர் முடிவு செய்கிறார். டிஜேஐ என்ற சீன நிறுவனத்தின் மாடல்கள் வைஃபை பீக்கனில் அனுப்புகின்றன. ஐஃபோனில் ஆப் எழுதுபவருக்கு வைஃபை பீக்கனின் உட்பகுதியைப் பார்க்க ஆப்பிள் அனுமதிப்பதில்லை, அதனால் ஐஃபோன் ஆப் ப்ளூடூத்தை மட்டும்தான் கேட்கும். ஆண்ட்ராய்டு பீக்கனைப் படிக்கும், ஆனால் ஆண்ட்ராய்டு 9-லிருந்து ஒரு ஆப் இரண்டு நிமிடத்தில் நான்கு முறைக்கு மேல் வைஃபை ஸ்கேன் செய்ய முடியாதபடி கட்டிவைத்திருக்கிறார்கள். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தால் தோப்பைத் தாண்டிப் போகும் டிரோன் எப்படிச் சிக்கும்? ஃபோனின் டெவலப்பர் ஆப்ஷனில் வைஃபை ஸ்கேன் த்ராட்லிங் என்று ஒன்று இருக்கும். அதை அணைத்துவிட்டு மறுபடி முயன்று பாருங்கள். செலவே இல்லாமல் செய்யக்கூடிய முதல் காரியம் இது. ப்ளூடூத் 5 தொலைதூர முறை ஃபோனின் விவரப் பட்டியலில் இருக்கும், நடைமுறையில் சில ஃபோன்களில் ஒன்றும் கேட்காது. நேன் அதைவிட மோசம், அதை ஆதரிக்கும் ஃபோன்களே குறைவு.

ஃபோனை விட்டு ஒரு படி மேலே போனால் விஷயம் நன்றாகவே நடக்கும். ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினி, மானிட்டர் மோடுக்கு, அதாவது சுற்றிலும் வரும் எல்லா வைஃபை பாக்கெட்டையும் கேட்கும் நிலைக்கு, போகக்கூடிய யூஎஸ்பி வைஃபை அடாப்டர், அந்தப் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பதிவு செய்யும் கிஸ்மெட் மென்பொருள். இவ்வளவு போதும். அடாப்டர் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் சிப்பைப் பாருங்கள். அத்தெரோஸ் ஏஆர்9271 சிப் 2.4 கிகாஹெர்ட்ஸில் லினக்ஸோடு தகராறு இல்லாமல் ஓடும். 5 கிகாஹெர்ட்ஸும் வேண்டும் என்றால் ரியல்டெக் ஆர்டிஎல்8812ஏயு உண்டு, அதற்கு டிரைவர் மென்பொருளைத் தனியாக ஏற்ற வேண்டியிருக்கலாம். சேனலை மாற்றி மாற்றித் தேடவிடாமல் முதலில் 6-ஆம் சேனலில், அதாவது 2437 மெகாஹெர்ட்ஸில், அசையாமல் நிறுத்துங்கள். நேன் முறைக்கு 2.4-இல் அதுதான் குறித்த சேனல், பீக்கன் அனுப்பும் டிரோன்களையும் பெரும்பாலும் அங்கேதான் பார்க்கிறோம். ப்ளூடூத் தொலைதூர முறைக்கு வைஃபை அடாப்டர் உதவாது. அதற்கு நோர்டிக் என்ஆர்எஃப்52840 டாங்கிள், அல்லது டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போர்டில் ஓடும் ஸ்னிஃபிள் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். இவ்வளவு வேண்டாம், சில நூறு ரூபாயில் முடிய வேண்டும் என்றால் ஈஎஸ்பி32 என்ற சின்ன சர்க்யூட் போர்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வைஃபை பீக்கனையும் ப்ளூடூத் 4-ஐயும் அது கேட்கும். மகனுக்குப் பழகவும் நல்லது.

ஆண்டெனாவை எங்கே வைக்கிறீர்கள் என்பது போர்டைவிட முக்கியம். 2.4 கிகாஹெர்ட்ஸை ஈரமுள்ள பச்சை இலை நன்றாகவே உறிஞ்சிவிடும். தென்னந்தோப்புக்கு உள்ளே தரையில் வைத்தால் தலைக்கு நேர் மேலே வரும் டிரோன் கேட்கும், பக்கத்துத் தோப்புக்கு மேலே நிற்பது கேட்காது. தண்ணீர்த் தொட்டியின் மேலோ மொட்டை மாடியிலோ ஓலைகளுக்கு மேலே வானம் தெரியும்படி வையுங்கள். கம்பியை நீளமாக இழுத்து ஆண்டெனாவை மட்டும் மேலே ஏற்றாதீர்கள், சாதாரணக் கோ-ஆக்ஸியல் வயரில் பத்து மீட்டர் போவதற்குள் சிக்னலில் பெரும்பகுதி போய்விடும். போர்டையே ஆண்டெனாவோடு மேலே வைத்து, கீழே கரண்ட்டை மட்டும் கொடுங்கள். உங்கள் பக்கம் ஒரு வசதியும் இருக்கிறது. ஊருக்கு நடுவே நூறு வைஃபை ரௌட்டர்கள் கூச்சல் போடும், தோப்பில் அந்தத் தொல்லை கிடையாது.

பாக்கெட் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே என்ன இருக்கும் என்று ஒரு தடவை கையால் பிரித்துப் பார்ப்பது நல்லது, அதற்கு அப்புறம் ஆப் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்கே தெரியும். ரிமோட் ஐடிக்கான ஏஎஸ்டிஎம் எஃப்3411 என்ற தரநிலையின்படி ஒவ்வொரு செய்தியும் 25 பைட். பழைய ப்ளூடூத் விளம்பரப் பாக்கெட்டில் இருக்கும் இடமே 31 பைட், அதில் தலைப்புக்கு ஆறு போனால் மிச்சம் 25. அதற்குள் அடங்கும்படி அளந்து வெட்டியிருக்கிறார்கள். முதல் பைட்டின் மேல்பாதி செய்தியின் வகையைச் சொல்லும்: 0 என்றால் அடையாள எண், 1 என்றால் இடம், 2 சான்று, 3 இயக்குபவர் தானாக எழுதிய குறிப்பு, 4 இயக்குபவர் இருக்கும் இடம், 5 இயக்குபவரின் பதிவு எண். வைஃபையில் இடம் தாராளம் என்பதால் இவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்புவார்கள்.

வகை 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பைட்டுகளை 0-விலிருந்து எண்ணினால் 5 முதல் 8 வரை நான்கு பைட் அட்சரேகை. அங்கே 64, 203, 102, 6 என்று நான்கு எண்கள் வந்திருக்கின்றன என்று வையுங்கள். சின்னது முதலில் வரும் வரிசை இது. 64, அதோடு 203-ஐ 256-ஆல் பெருக்கியது, 102-ஐ 65,536-ஆல் பெருக்கியது, 6-ஐ 1,67,77,216-ஆல் பெருக்கியது எல்லாவற்றையும் கூட்டினால் 10,74,00,000. அதை ஒரு கோடியால் வகுத்தால் 10.74. கொழிஞ்சாம்பாறையின் அட்சரேகை கிட்டத்தட்ட அதுதான். அடுத்த நான்கு பைட் அதே கணக்கில் தீர்க்கரேகை. 3-ஆம் பைட் வேகம், சாதாரணமாக ஒரு எண்ணுக்குக் கால் மீட்டர். 48 என்று வந்தால் நொடிக்கு 12 மீட்டர், மணிக்கு 43 கிலோமீட்டர் சுமார். உயரங்கள் இரண்டு பைட் எண்கள். அவற்றைப் பாதியாக்கி 1000-ஐக் கழிக்க வேண்டும். 2080 என்று வந்தால் 40 மீட்டர். இதையெல்லாம், பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளுக்கென்று எழுதிவைத்திருக்கும் ஓப்பன் டிரோன் ஐடி நிரல் தானே செய்துவிடும். ஆனால் இரண்டு இடங்களில் நிரல் காட்டுவதை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் பக்கத்து ஆட்கள் குழம்பிப்போவார்கள்.

ஒன்று உயரம். பாக்கெட்டில் வரும் ‘ஜியோடெடிக்’ உயரம் கடல்மட்டத்திலிருந்து அளப்பது இல்லை, ஜிபிஎஸ் பயன்படுத்தும் கணித நீள்வட்டத்திலிருந்து அளப்பது. உலகின் பல இடங்களில் இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். தென்னிந்தியாவில் அப்படி இல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் பூமியின் ஈர்ப்பு மட்டம் உலகிலேயே மிக ஆழமாகத் தாழ்ந்து கிடக்கிறது. அந்தத் தாழ்வின் ஓரத்தில் நாம் இருக்கிறோம். கேரளத்திலும் நம் பக்கத்திலும் கடல்மட்டமே அந்த நீள்வட்டத்துக்குச் சுமார் 90 மீட்டர் கீழே. உங்கள் தோப்பு கடல்மட்டத்திலிருந்து 150 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதற்கு மேல் 40 மீட்டரில் நிற்கும் டிரோன் 190 என்று சொல்ல வேண்டும். தரநிலையை ஒழுங்காகப் பின்பற்றினால் பாக்கெட்டில் 100-க்குப் பக்கத்தில் வரும். அதைப் பார்த்துவிட்டு ‘டிரோன் மண்ணுக்குள் பறக்கிறது, இது போலி’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தரையிலிருந்தோ கிளம்பிய இடத்திலிருந்தோ அளந்த உயரம் தனியாக 17, 18-ஆம் பைட்டுகளில் இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது அதை.

இன்னொன்று நேரம். இந்த வகை 1 செய்தியில் தேதியோ மணியோ வராது, அந்த மணி தொடங்கியதிலிருந்து எத்தனை பத்தில் ஒரு நொடிகள் ஆகின என்பது மட்டும் வரும். அதுவும் கிரீன்விச் கணக்கில் வரும் மணி. நமக்கு ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்பதால் நிமிடம் எப்போதும் முப்பது தள்ளி நிற்கும். சாயங்காலம் 6.40-க்குப் பறந்த டிரோனின் பாக்கெட் 6000 என்று, அதாவது பத்து நிமிடம் என்று சொல்லும். இது சரியாகப் பொருந்தி வந்தால் டிரோனின் கடிகாரமும் உங்கள் பதிவும் ஒத்துப்போகின்றன என்று தெரிந்துகொள்ளலாம். உங்கள் கணினியின் நேரத்தை முதலிலேயே சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பின்னால் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை.

இப்போது ஆள் யார் என்ற இரண்டாவது கேள்வி. அடையாளச் செய்தியில் பெரும்பாலும் வருவது தயாரிப்பாளர் கொடுத்த சீரியல் எண். அதன் முதல் நான்கு எழுத்துகள் தயாரிப்பாளரின் குறியீடு, 1581 என்று தொடங்கினால் டிஜேஐ. அவ்வளவுதான். அந்த எண்ணை உரிமையாளரின் பெயரோடு இணைக்கும் பட்டியல் பதிவுத் தளத்தில் அரசிடம்தான் இருக்கிறது. நீங்களோ நானோ பார்க்க வழியில்லை, பார்க்க முடியாமல் இருப்பதும் நல்லதுதான். இயக்குபவரின் இடம் என்று வகை 4-இல் வருவதைப் பார்த்ததும் பலர் வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுகிறார்கள். அந்தச் செய்தியிலேயே இரண்டு பிட் இருக்கும், அது டிரோன் கிளம்பிய இடமா, இயக்குபவரின் கையில் இருக்கும் கருவியின் இப்போதைய இடமா, நிலையாகக் குறித்துவைத்த இடமா என்று சொல்லும். 0 என்றால் கிளம்பிய இடம். ஆள் அதற்கு அப்புறம் பைக்கில் ஏறி எங்கேயோ போயிருக்கலாம். உங்கள் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் சித்தூர் தாலுகா, அந்தப் பக்கம் பொள்ளாச்சி என்று நிலம் கிடக்கும் இடத்தில், ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகினால் மாநிலமே மாறிவிடும். வரைபடத்தில் விழுந்த புள்ளியை வைத்து ‘தமிழ்நாட்டுக்காரன்தான்’ என்றோ ‘கேரளாக்காரன்தான்’ என்றோ பேச்சைக் கிளப்பாதீர்கள்.

அதைவிடப் பெரிய குறை, இந்தச் செய்திகளில் டிஜிட்டல் கையெழுத்து இல்லை என்பது. தரநிலையில் சான்றுச் செய்திக்கு இடம் விட்டிருக்கிறார்கள், நடைமுறையில் அதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. டிரோன் தன்னைப் பற்றிச் சொல்வதை நாம் கேட்கிறோம், சரிபார்க்க ஒரு வழியும் அதில் இல்லை. அதே சில நூறு ரூபாய் ஈஎஸ்பி32 போர்டில், இல்லாத டிரோனை இருப்பதுபோல ஒலிபரப்பும் ஓப்பன் சோர்ஸ் நிரலும் ஓடும். பாக்கெட் சொல்லும் இடத்தில் கண்ணால் டிரோனைப் பார்த்தீர்களா, அது நகர நகரச் சிக்னலின் வலிமை ஏறி இறங்கியதா என்று இரண்டையும் சேர்த்துத்தான் நம்ப வேண்டும். டிரோன் தலைக்கு மேல் வந்து போகும்போது சிக்னல் அளவு ஒரே மாதிரி நின்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

டிஜேஐ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மகன் எங்கோ படித்தது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். ரிமோட் ஐடி சட்டங்களுக்கு முன்பே டிஜேஐ தன் டிரோன்களில் ‘டிரோன்ஐடி’ என்று சொந்தமாக ஒன்றை வைத்திருந்தது. அதைக் கேட்க ஏரோஸ்கோப் என்ற பெட்டியை 2017-இல் கொண்டுவந்து காவல்துறை, விமான நிலையம் போன்றவர்களுக்கு விற்றது. வைஃபையில் ஓடும் பழைய மாடல்களில் இது பீக்கனுக்குள் வரும், கிஸ்மெட் அதைப் படித்துவிடும். ஆக்யுசிங்க் என்ற சொந்த ரேடியோவுக்கு மாறிய மாடல்களில் வைஃபை அடாப்டரால் ஒன்றும் ஆகாது. அந்தச் செய்தி மறைகுறியாக்கம் செய்யப்பட்டது என்று நிறுவனம் ஒரு காலத்தில் சொன்னது. ஆராய்ந்து பார்த்தவர்கள் அப்படி எதுவும் இல்லை என்று காட்டினார்கள். ஜெர்மனியின் போஹும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை முழுவதும் பிரித்து 2023-இல் என்டிஎஸ்எஸ் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் வெளியிட்டார்கள், பிரிக்கும் நிரலையும் பொதுவில் போட்டார்கள்.

அது எப்படி நடக்கிறது என்பதில் எனக்கு இன்னும் ரசனை உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிக்னல் 4ஜி செல்ஃபோன் சிக்னலின் தம்பி மாதிரி: அதே 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 600 துணை அலைகள், மொத்தம் சுமார் 10 மெகாஹெர்ட்ஸ் அகலம். சிக்னல் தொடர்ந்து வராது, விட்டு விட்டு வெடிப்பு வெடிப்பாக வரும். வெடிப்பு ஒவ்வொன்றும் ஒரு மில்லி நொடிக்கும் குறைவு, அடுத்தது வர 600 மில்லி நொடிக்கு மேல் ஆகும். வெடிப்பின் நடுவே ஸடாஃப்-சூ என்ற கணிதத் தொடர் இரண்டு இடத்தில் வரும். முன்பே தெரிந்த தொடர் என்பதால், இரைச்சலுக்குள் அதைப் பொருத்திப் பார்த்தால் வெடிப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று துல்லியமாகக் கிடைத்துவிடும். அங்கிருந்து அதிர்வெண் பிசகைத் திருத்தி, அலையில் ஏற்றிய கியூபிஎஸ்கே குறியீட்டைப் பிட்டுகளாக்கி, கலைத்துப்போட்டதை நேராக்கி, பிழை திருத்தும் டர்போ குறியீட்டைப் பிரித்து, கடைசியில் சிஆர்சி என்ற பிழைச் சோதனையைச் சரிபார்த்தால் சீரியல் எண்ணும் இடமும் வந்து நிற்கும். இதற்கு நொடிக்கு 1 கோடியே 53 லட்சத்து 60 ஆயிரம் மாதிரிகள் எடுக்கும் எஸ்டிஆர் ரேடியோ, அதாவது சிக்னலைக் கணினி மென்பொருளால் பிரிக்கும் ரேடியோ, வேண்டும். மலிவாகக் கிடைக்கும் சாதாரண ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் சுமார் 1.7 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போகாது, 2.4-ஐ எட்டவே எட்டாது. அதை வாங்கிவிட்டு ஏமாறுபவர்களை நிறையப் பார்க்கிறேன். ஹேக்ஆர்எஃப் என்ற எஸ்டிஆர் 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், ஒரு நேரத்தில் 20 மெகாஹெர்ட்ஸ் பார்க்கும். 2.4 பட்டையோ 80 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், 5.8 பட்டை வேறு இருக்கிறது, டிரோன் இடம் மாறிக்கொண்டே அனுப்பும். எனவே பட்டையில் உலாவாமல் ஒரு இடத்தில் சில நொடி காத்திருந்து, இல்லையென்றால் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். புதிய மாடல்கள் பலவற்றில் இந்தப் பொது நிரல் எதையும் பிரிப்பதில்லை. ஆகவே உங்கள் தேவைக்காக ஹேக்ஆர்எஃப் வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மகனுக்கு ஜிஎன்யூ ரேடியோ என்ற சிக்னல் பிரிக்கும் மென்பொருளைப் படிக்க ஆசை என்றால் அது வேறு கணக்கு.

எந்த அடையாளமும் இல்லாதவை மிச்சம் இருக்கின்றன. கையால் கட்டிய எஃப்பிவி டிரோன்கள், அதாவது நேரடி வீடியோவைப் பார்த்துக்கொண்டே ஓட்டுபவை, 5.8-இல் வீடியோ மட்டும் அனுப்பும், பெயரோ எண்ணோ அதில் கிடையாது. மருந்து அடிக்கும் டிரோன்கள் பலவற்றின் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன், கட்டுப்பாட்டுச் சிக்னல் தாவுவது தெரியும், அடையாளச் செய்தி வரவில்லை. இவற்றில் ‘ஏதோ பறக்கிறது’ என்பதுவரை சொல்லலாம். ‘இன்னாருடையது’ என்று ரேடியோவை வைத்துச் சொல்ல முடியாது. வீடியோவைப் பிரித்துப் பார்க்கலாமே என்று மகன் கேட்பான். வேண்டாம். எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபரப்பும் அடையாளச் செய்தியைக் கேட்பது ஒன்று. இன்னொருவரின் தொடர்பை அனுமதியில்லாமல் இடைமறிப்பது 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் குற்றம். சிக்னலைத் தடுக்கும் ஜாமர் வைத்திருப்பதும் அப்படியே, தனியாருக்கு அதற்கு அனுமதி கிடையாது. கல்லெறிவது, கவணால் அடிப்பது பற்றியும் யாராவது யோசனை சொல்வார்கள். டிரோன் சட்டப்படி ஒரு விமானம், அதை அடித்து வீழ்த்தினால் புகார் கொடுக்க வேண்டிய நீங்களே பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவீர்கள்.

இது அநேகமாக என்னவாக இருக்கும் என்று கேட்டால், பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் சாதாரணக் காரணங்களை முதலில் கழிக்கலாம். கேரளத்தில் 2022 நவம்பரில் தொடங்கிய டிஜிட்டல் நில அளவையில் டிரோனும் உண்டு, ஆனால் அளவைக்காரர்கள் இருட்டில் பறக்கவிட மாட்டார்கள். வனத்துறையினர் காட்டு விலங்கு நடமாட்டத்துக்குத் தெர்மல் கேமரா டிரோன் விடுவது உண்டு, அதற்கு இருட்டுகிற நேரம் பொருத்தமானது. பக்கத்துத் தோப்பில் மருந்து அடிக்க வந்தவர் காற்று அடங்கட்டும் என்று சாயங்காலம் வரை காத்திருக்கலாம். பாலக்காட்டுக் கணவாயில் காற்று எப்படி வீசும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண வீடியோ எடுப்பவர் புது டிரோனைப் பழகிப் பார்க்கலாம். சத்தத்தைக் கவனியுங்கள்: பத்து லிட்டர் மருந்து தூக்கும் டிரோனின் கனத்த இரைச்சலும், கைக்கு அடங்கும் கேமரா டிரோனின் கிர்ரென்ற சத்தமும் ஒரு தடவை கேட்டால் மறக்காது. கேமரா டிரோனின் பேட்டரி சாதாரணமாக அரை மணி நேரம்தான் தாங்கும். திரும்பிப் போகும் திசையை இரண்டு மூன்று நாள் குறித்தாலே கிளம்பும் இடம் ஒரு சின்ன வட்டத்துக்குள் வந்துவிடும். உங்கள் தோப்பில் சாயங்காலம் கள் இறக்க மரம் ஏறுபவரிடம் சொல்லிவையுங்கள். அந்த உயரத்திலிருந்து அவர் பார்ப்பது என் ஆண்டெனாவைவிட உபயோகமாக இருக்கும்.

சிக்னல் கிடைத்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்தாதீர்கள். கிஸ்மெட் எழுதும் மூலப் பதிவுக் கோப்பை அப்படியே, திருத்தாமல், இரண்டு இடத்தில் வையுங்கள். அதே நேரத்தில் டிரோன் தெரியும்படி ஃபோனில் எடுத்த வீடியோ ஒன்றும் கூட இருக்கட்டும். புகார் கொடுக்கப் போகும்போது சீரியல் எண், தேதி, நேரம், திரும்பிய திசை இவற்றை எழுதிக் கொண்டுபோங்கள். சீரியலிலிருந்து பதிவையும் பதிவிலிருந்து ஆளையும் தேடும் வழி காவல்துறைக்குத்தான் உண்டு. கேரள காவல்துறை திருவனந்தபுரத்தில் 2021-இல் டிரோன் தடயவியல் ஆய்வகமே தொடங்கியிருக்கிறது, எனவே ‘இது என்ன புதுசா’ என்று ஸ்டேஷனில் யாராவது தயங்கினால் அதைச் சொல்லலாம். கிளம்பிய இடம் எல்லைக்கு அந்தப் பக்கம் விழுந்தாலும் உங்கள் ஸ்டேஷனிலேயே கொடுக்கலாம். குற்றம் நடந்த இடம் எதுவானாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதியலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. சிக்னல் கிடைக்காவிட்டாலும் புகாருக்குத் தடையில்லை, வீடியோவும் நேரக் குறிப்பும் போதும். வீட்டுப் பெண்கள் நடமாடும் இடத்துக்கு மேலே வந்து நின்றிருந்தால் அதைப் புகாரின் முதல் வரியிலேயே எழுதுங்கள், ரேடியோ விவரமெல்லாம் அதற்குக் கீழே வரட்டும்.